பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொருவரைக் கூட்டிப் போகலாம்

செம்பட்டி, ஆத்தூர், சின்னாளபட்டி வட்டாரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கடலில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்ற பேச்சு நம்மிடையே கிளம்பியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் போன கூட்டத்தில் அது மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. "வாழ்க்கையில ஒரு தடவை போறோம், பால்கனி ரூம்லதான் போகணும்" என்று சிலர். "ராத்திரி தூங்கத்தானே ரூம், இருக்கிறதிலேயே குறைஞ்சது போதும்" என்று சிலர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து டீச்சர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வூதியத்தை மட்டுமே வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் அவர்கள். இந்த மடலை எல்லோருக்கும் எழுதினாலும், அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலிலும் போயிருக்கிறேன். மகன் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலிருந்து பெரிய கப்பலிலும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எல்லோரும் ஒரே வகை அறை எடுப்போம். கடல் தெரிகிற சன்னல் உள்ள அறை, கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில். அதற்கு மேல் ஒரு ரூபாயும் அறைக்காகச் செலவழிக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். நாம் பேசிக்கொண்டிருப்பது கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலைப் பற்றி. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையிலிருந்து கொடியசைத்து அனுப்பினார். மறு ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போகத் தொடங்கியது. கப்பல் புதிதல்ல. 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டியது. மூன்று நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைத்த கப்பல் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. குறும்பயணத்தில் யாரும் அறையில் அடைந்து கிடக்கப் போவதில்லை என்று அன்றைக்கே கணக்குப் போட்டு, அறைகளைச் சிறிதாகவும் பொது இடங்களைப் பெரிதாகவும் கட்டினார்கள். சாதாரண அறை நம் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறையைத் தாண்டாது, அதுவும் குளியலறையையும் சேர்த்து. பால்கனி உள்ள அறைகள் குறைவு. குறைவாக இருப்பதால்தான் விலை ஏறிக் கிடக்கிறது.

அந்தச் சிறிய அறைக்குள் என்ன இருக்கும்? இரண்டு கட்டில், சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம். சில அறைகளில் சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மேல் படுக்கை, ஏணியோடு. ஒரு மேசை, டிவி, அலமாரி, பாதுகாப்புப் பெட்டகம். குளியலறைக்குள் நுழைய உயரமான வாசற்படி ஒன்றைத் தாண்ட வேண்டும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க வைத்தது. ராத்திரி எழுந்து போகும்போது அதில் கால் தட்டும். மூட்டு வலிக்காரர்கள் முதல் நாளே பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும் இடம் ஒருவர் திரும்பி நிற்கிற அளவுதான். சக்கர நாற்காலி நுழைகிற அறைகள் எந்தக் கப்பலிலும் சிலதான் இருக்கும், தேவைப்படுகிறவர்கள் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறைந்த கட்டண அறையில் இருப்பவரும் கூடுதல் கட்டண அறையில் இருப்பவரும் சாப்பிடுவது அதே பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில்தான். அதே நாடகம், அதே நீச்சல் குளம், அதே மேல்தளம், அதே சூரிய உதயம். சூட் எனப்படும் பெரிய அறைக்காரர்களுக்கு வரிசையில் முன்னுரிமை போன்ற சில சலுகைகள் உண்டு. அதைத் தவிர, அறைக்காகக் கொடுக்கிற கூடுதல் பணம் வாங்கித் தருவது இரண்டு அடி இடமும் ஒரு பால்கனிக் கதவும்தான்.

கப்பலில் வகுப்பு என்பது எப்போதும் இப்படி இருந்ததில்லை. நம் தாத்தா காலத்தில் 'ரஜுலா' என்ற கப்பல் ஓடியது. 1926இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குப் பக்கம் தமிழர்களை ஏற்றி இறக்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல். தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவருடைய இடம். முதல் வகுப்புக்காரருக்கு மேலே அறை, மேசை விரிப்புப் போட்ட சாப்பாடு. அந்தக் காலத்தில் வகுப்பு உயர்த்திப் போவது என்றால் மழை வெயிலிலிருந்தும் வாந்தி நாற்றத்திலிருந்தும் தப்பிப்பது. அதற்குக் கொடுத்த காசு நியாயமான காசு.

இன்றும் அப்படிப்பட்ட பயணம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்கள். போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதில் பங்க் வகுப்பு என்பது அடுக்குப் படுக்கைகள் நிறைந்த பெரிய கூடம், கழிப்பறை பொது. அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று அறைகள். என்றாவது நாம் அந்தமான் போவதானால் பங்க்கை விட்டு அறைக்கு மாறச் சொல்லி நானே சண்டை போடுவேன். அங்கே கூடுதல் பணம் உடம்பைக் காப்பாற்றுகிறது.

இதற்கு நேர் எதிர், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணியர் கப்பல். 2023 அக்டோபரில் 'செரியாபாணி' தொடங்கிவைத்தது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' ஓட ஆரம்பித்தபோது சாதாரண இருக்கை வரி நீங்கலாக 5,000 ரூபாய், பிரீமியம் 7,500 ரூபாய் என்று வைத்தார்கள். நான்கு மணி நேரப் பயணத்துக்கு அப்படிக் கூடுதல் பணம் கொடுத்து என்ன காணப் போகிறோம்? அந்தப் பணத்தில் யாழ்ப்பாணத்தில் நன்றாகச் சாப்பிடலாம், நல்லூர்க் கோயிலுக்குப் போய் வரலாம். கப்பல் சுற்றுலாக் கட்டணம் கட்டுபடியாகாது என்று நினைப்பவர்கள் இருந்தால், இந்த நாகப்பட்டினம் வழியையும் கூட்டத்தில் பேசுங்கள். அதுவும் கடல்தான்.

சரி, குறைந்த விலை உள்ளறையே போதும் என்கிற கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளறையில் சன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. நம்மில் பலர் இன்னும் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள், கிழக்கு வெளுக்கும்போது தானாக விழிக்கிறவர்கள். எனக்குத் தெரிந்த சின்னாளபட்டி அக்கா ஒருவர் அப்படி ஓர் அறையில் நடு ராத்திரி மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது என்று எழுந்து, விடியும் வரை படிக்கட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். சன்னல் கண்ணாடி திறக்காது என்பது உண்மைதான், ஆனாலும் வெளிச்சம் வரும், தண்ணீர் தெரியும். உள்ளறைக்கும் சன்னல் அறைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தாங்கக் கூடியதாக இருக்கும். சன்னலிலிருந்து பால்கனிக்குத் தாவுவதுதான் பையைக் காலி செய்யும்.

கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சன்னல் அறை ஆளுக்கு 35,000, பால்கனி அறை ஆளுக்கு 60,000. கணவன் மனைவி இருவருக்கு வித்தியாசம் 50,000 ரூபாய். இரண்டு இரவுப் பயணத்தில் பால்கனியில் உட்கார எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஏறுகிற அன்று பாதுகாப்புப் பயிற்சி, இரவுச் சாப்பாடு, நிகழ்ச்சி. நடுவில் வரும் முழு நாளில் நாம் ஒருவரை ஒருவர் விட்டு அறைக்குப் போகப் போவதில்லை. முப்பது வருடக் கதை பேச இருக்கிறது. கடைசி நாள் காலையில் இறங்க வேண்டும். மொத்தம் நாலைந்து மணி நேரம் தேறினால் அதிகம். அந்த 50,000 ரூபாய் இன்னொரு டீச்சரின் முழுப் பயணச் செலவு, ரயில் கட்டணமும் சேர்த்து.

இதனால்தான் ஒரே வகை அறை என்று பிடிவாதம் பிடிக்கிறேன். பாதிப் பேர் மேல்தளத்துப் பால்கனியிலும் பாதிப் பேர் கீழே உள்ளறையிலும் இருந்தால், யார் வீட்டில் எவ்வளவு வசதி என்பது கப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே வட்டாரப் பள்ளிக்கூடங்களில் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் நாம். பின்வரிசையில் இருந்த அந்த டீச்சர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று யாராவது யோசித்தோமா?

தனியாக வருகிறவர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. கப்பல் கட்டணம் எல்லாமே 'இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு' என்றுதான் விளம்பரத்தில் வரும். ஒருவர் மட்டும் அறை எடுத்தால் ஏறக்குறைய இருவர் பணத்தையும் கட்டச் சொல்வார்கள். துணையை இழந்தவர்கள் கப்பல் பயணத்தை நினைத்துக்கூடப் பார்க்காததற்கு இது ஒரு காரணம். கூட்டத்திலேயே இருவர் இருவராகச் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டால் இந்தச் சுமை போய்விடும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அவர்கள் படுக்க வேண்டியது ஏணி வைத்து ஏறுகிற மேல் படுக்கையில். நம் வயதுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மொத்தமாகப் பல அறைகள் பதிவு செய்கிற குழுவுக்கு ஒருவருடைய கட்டணத்தைத் தள்ளிக் கொடுக்கும் வழக்கம் கப்பல் நிறுவனங்களில் பரவலாக உண்டு. அதை வாய்ப் பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். அந்தச் சலுகை ஏற்பாடு செய்கிறவருக்குப் போகக் கூடாது. பொதுக் கணக்கில் சேர்த்து, கட்ட முடியாதவர்களுக்குப் பயன்பட வேண்டும்.

ஏஜெண்ட் கொடுக்கும் விலைப்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் வருவது அறைக் கட்டணம் மட்டும். துறைமுகக் கட்டணம், சேவைக்கான அன்பளிப்பு, ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்கு மேல் ஏறும். கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பது, இணைய வசதி, மது, ஸ்பா தனி. எல்லாவற்றையும் சேர்த்து 'ஆளுக்குக் கடைசியாக எவ்வளவு' என்று ஒரே எண் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற ஏஜெண்ட்டிடம் போக வேண்டாம். சிங்கப்பூர்க் கப்பல்களில் அன்பளிப்பு என்பது ஆளுக்கு, ஒவ்வொரு நாளுக்கும், டாலரில். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கே 18 அமெரிக்க டாலருக்கு மேல். நான்கு இரவுக்கு இருவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்மூர்ப் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். ஆனால் அந்தப் பணத்துக்கு நான் முகம் சுளிக்கவில்லை. அறையைத் துடைத்து, படுக்கை விரித்து, காலையிலும் இரவிலும் வந்து பார்க்கிற பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்கிறவர்கள். கப்பலின் சேவை நன்றாக இருப்பது அவர்களால்தான், அறையின் விலையால் அல்ல. அவர்களிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள்.

பதிவு செய்த பிறகு இன்னொரு ஆசை வரும். "கொஞ்சம் பணம் கட்டினால் அறையை உயர்த்தித் தருகிறோம்" என்று போன் வரும், மின்னஞ்சல் வரும். பெரிய கப்பல்களில் இதை ஏலம் மாதிரியே வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு தொகை கேட்கலாம், கொடுத்தால் கொடுப்பார்கள். அதில் எழுதியிருக்கும் தொகை ஆளுக்கு, அறைக்கு அல்ல. ஒத்துக்கொண்டபின் திரும்ப வராது. எந்த இடத்து அறை என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. இரண்டு பேர் மட்டும் மேலே போய்விட்டால் மருந்து தேவைப்படுகிற நேரத்தில் பக்கத்து அறைக் கதவைத் தட்ட முடியாது. ஒரு விதிவிலக்கு சொல்கிறேன்: நம்மில் யாராவது உடம்பு முடியாத துணையோடு வந்து, அவரால் மேல்தளத்துக்கு அடிக்கடி ஏறி இறங்க முடியாது என்றால், அந்த அறைக்குப் பால்கனி எடுப்போம். அதைப் பொதுப் பணத்திலிருந்தே எடுப்போம்.

அறையின் வகையைவிட அறையின் இடம் முக்கியம். கப்பலின் முன்னும் பின்னும் ஆட்டம் அதிகம், மேலே போகப் போக இன்னும் அதிகம். நடுவில், கீழே, ஆட்டம் குறைவு. நீச்சல் குளத்துக்கும் பாட்டுக் கச்சேரி நடக்கும் இடத்துக்கும் நேர் கீழே உள்ள அறை வேண்டாம். நள்ளிரவு வரை தலைக்கு மேல் சத்தம் கேட்கும். கடல் தெரிகிற அறை என்று கொடுத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிற அறைகளும் உண்டு. தளப் படத்தை வாங்கி, அறை எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'அறை எண் பிறகு தருகிறோம்' என்கிற மலிவுக் கட்டணம் குழுவுக்கு ஆகாது, ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடுவார்கள்.

எப்போது போவது? இங்கேதான் வேறு யாருக்கும் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. வேலையில் இருந்தவரை மே மாதம் விட்டால் நமக்குப் பயணம் இல்லை. ஊரே கிளம்புகிற மாதம் அது, விலையும் அப்படி. இப்போது பள்ளி திறந்த பிறகு, ஜூலையில், வார நாட்களில் புறப்படுகிற கப்பலை நாம் பிடிக்கலாம். சனி ஞாயிறைத் தொட்டுப் போகும் பயணத்தைவிட அது மலிவு, கூட்டமும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கப்பல் மும்பையை விட்டுச் சென்னைக்கு வருகிறது. நம் பக்கம் அப்போது கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலை நம்ப முடியாது. சன்னல் அறைக்கும் பால்கனிக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்கிற நேரத்தை இந்தத் தேதி யோசனைக்குக் கொடுத்தால் மிச்சம் அதிகம்.

கரையைத் தொடாமல் கடலில் சுற்றித் திரும்புகிற பயணத்துக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். இலங்கை போவதானால் பாஸ்போர்ட் கட்டாயம், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இலங்கையின் இணையவழி முன்அனுமதியும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். புதிதாக எடுக்கும் 60 வயது கடந்தவர்களுக்குக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஏதாவது ஊரில் கப்பல் கரையணையாமல் தள்ளி நங்கூரமிட்டுப் படகில் இறக்குமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு இந்தக் கப்பல் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். ஆடுகிற படகில் கால் வைத்து ஏற முடியாதவர்கள் அன்றைக்குக் கப்பலிலேயே இருந்துவிடலாம், தவறில்லை.

சென்னைக்கு முதல் நாள் இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் திண்டுக்கல்லிலோ கொடைரோட்டிலோ ஏறிவிடுவோம். விடிகாலையில் போய்ச் சேர்ந்து குளித்து, டிபன் சாப்பிட்டு, நிதானமாகத் துறைமுகம் போகலாம். அன்று காலை வைகை எக்ஸ்பிரஸில் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். வைகை எழும்பூர் போய்ச் சேரவே மதியம் ஆகிவிடும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

சர்க்கரை மருந்து, இன்சுலின், பிரஷர் மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் அறையில் சேர்க்கச் சில மணி நேரம் ஆகும். குமட்டலுக்கான மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். ஆட ஆரம்பித்தபின் போட்டால் பயன் குறைவு. கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் கடுமை. பயணக் காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காதீர்கள். போனை ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள், நடுக்கடலில் கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில் ஏறும்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். கால் வலிக்கிறது என்று யாரும் அறையில் தங்கிவிட வேண்டாம். 1985 பிப்ரவரியில் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்து பலருடைய உயிர் போனது. சிங்கப்பூர், பினாங்கிலிருந்து நம் மக்கள் ஊர் திரும்பிய கப்பல் அது. உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு எந்தப் படிக்கட்டு என்று ஒரு முறை நடந்தே பார்த்துவிடுங்கள், லிஃப்டை நம்பாமல்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் ஆதாரையும் பிறந்த தேதிச் சான்றையும். பால்கனி எடுக்க நினைத்திருந்தவர்கள் அந்த வித்தியாசத் தொகையில் பாதியையாவது பொதுக் கணக்கில் போட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பங்கை நான் அன்றைக்கே கட்டிவிடுகிறேன். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டாம். எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கியதாகவே பதிவேட்டில் இருக்கட்டும். பின்வரிசையில் பேசாமல் இருந்த அந்த டீச்சர்களின் வீட்டுக்கு இந்த வாரமே யாராவது நேரில் போய், "உங்க பேரையும் எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
செம்பட்டியிலிருந்து உங்களில் ஒருத்தி